பொன்னியின் செல்வனுக்குப் பிறகு எந்தப் புத்தகம்?

கேள்வி: ஈரோட்டில் ஒரு ஜவுளி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வயது 38. பள்ளி நாளிலிருந்து நாவல்கள்தான் படித்து வந்திருக்கிறேன். பொன்னியின் செல்வனை இரண்டாம் தடவை முடித்ததும், ஆதித்த கரிகாலனை உண்மையில் யார் கொன்றார்கள் என்று தெரிந்துகொள்ள நீலகண்ட சாஸ்திரியின் 'சோழர்கள்' இரண்டு தொகுதியையும் வாங்கினேன். எழுபது பக்கத்தைத் தாண்டவில்லை. பிறகு வாங்கிய மொழிபெயர்ப்பு அறிவியல் நூலும் பாதியில் நிற்கிறது. எனக்கு அபுனைவு (கற்பனைக் கதை அல்லாத எழுத்து) ஒத்துவராதா? வரலாறு, இயற்கை, தன்வரலாறு, பணம் என்று பல துறைகளிலும் தமிழிலேயே ஒரு வருடம் படிக்க நூல்கள் சொல்லுங்கள். இரவில் அரை மணி நேரம் கிடைக்கும். ஆறாம் வகுப்புப் படிக்கும் மகளோடு சேர்ந்து படிக்கவும் ஒன்று வேண்டும்.

பொது நூலகர் ஒருவரின் பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

வணக்கம். ஒத்துவராது என்று முடிவு கட்ட அவசரப்படாதீர்கள். உங்களிடம் ஒரு நல்ல கேள்வி இருந்தது. அதற்கான பதில் இருக்கும் பக்கத்துக்குப் போகாமல், நாவலைப் போல முதல் பக்கத்திலிருந்து தொடங்கிவிட்டீர்கள். அபுனைவு நூல்களில் பாதிக்கு மேல் அப்படிப் படிப்பதற்காக எழுதப்பட்டவை அல்ல.

'சோழர்கள்' நூலையே எடுத்துக்கொள்வோம். 1935லும் 1937லும் ஆங்கிலத்தில் இரண்டு பகுதிகளாக வெளிவந்து, 1955ல் திருத்தப்பட்ட ஆய்வு நூல் அது. தொடக்கத்தில் சான்றுகள் பற்றிய அத்தியாயம், அடுத்து சங்ககாலச் சோழர்கள், பிறகு அரசர்களின் கால வரிசை. உங்களைத் தடுத்து நிறுத்தியது பெரும்பாலும் இந்தக் கால வரிசையாகத்தான் இருக்கும். சோழ அரசர்கள் 'பரகேசரி', 'இராஜகேசரி' என்ற பட்டங்களை மாற்றி மாற்றிச் சூடினார்கள். ஒரு கல்வெட்டில் அரசன் பெயர் இல்லாமல் 'கோப்பரகேசரிக்கு யாண்டு 5' (ஐந்தாம் ஆட்சியாண்டு) என்று மட்டும் இருந்தால் அது யாருடையது? எழுத்தின் வடிவம், கல்வெட்டில் வரும் அதிகாரிகளின் பெயர், கோயில் கட்டப்பட்ட காலம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து ஆசிரியர் வாதிட்டுக்கொண்டு போவார். அடுத்து வரும் ஆய்வாளர் சரிபார்ப்பதற்காக எழுதிய வாதம் அது. முதல் வாசிப்பில் நீங்கள் அதைக் கட்டாயம் கடந்து போகலாம்.

இப்படிச் செய்யுங்கள். பொருளடக்கத்தைத் திறந்து, முதலாம் பராந்தகன் இறந்ததிலிருந்து இராஜராஜன் முடிசூடியது வரையுள்ள அத்தியாயத்தைத் தேடுங்கள். ஏறக்குறைய 955 முதல் 985 வரையான முப்பது ஆண்டுகள். ஆதித்த கரிகாலன் அங்கேதான் இருக்கிறார். காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடிக் கோயிலில், இராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. வந்தியத்தேவன் குதிரையில் வந்த வீராணம் ஏரிக்குப் பக்கத்து ஊர்தான். கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேச்வரன் ஆகியோரின் பெயர்களை அந்தக் கல்வெட்டு சொல்கிறது. அவர்களுடைய, அவர்கள் உறவினருடைய சொத்துகள் தொடர்பான அரசாணை அது. நாவலில் வரும் ரவிதாசன் இந்தக் கல்லிலிருந்து எழுந்து வந்தவர்தான்.

கொலைக்குப் பின்னால் யார் இருந்தார்கள் என்பதில்தான் வரலாற்றாசிரியர்கள் பிரிகிறார்கள். அடுத்து அரியணை ஏறிய உத்தம சோழனுக்குப் பங்கில்லை என்று சொல்வது கடினம் என்பது சாஸ்திரியின் பார்வை. தி.வை. சதாசிவப் பண்டாரத்தார் தம்முடைய 'பிற்காலச் சோழர் வரலாறு' நூலில் அதை ஏற்கவில்லை. இரண்டு நூல்களையும் மேசைமேல் அருகருகே வைத்து அந்தப் பகுதியை மட்டும் படியுங்கள். ஒரே கல்வெட்டை வைத்துக்கொண்டு இரண்டு அறிஞர்கள் எப்படி வேறு வேறு முடிவுக்கு வருகிறார்கள், எந்த இடத்தில் சான்று முடிந்து ஊகம் தொடங்குகிறது என்பது உங்களுக்கே புலப்படும். இதைக் கண்டுபிடிப்பதில் உள்ள இன்பம் துப்பறியும் நாவலுக்குச் சற்றும் குறைந்ததல்ல. நாவலாசிரியர் விடையை மங்கலாக விட்டதற்கான காரணமும் அங்கே தெரியும்.

பண்டாரத்தாரின் நூல் நேராகத் தமிழில் எழுதப்பட்டது. அரசர் வரிசையில் போகும், சிறு தலைப்புகளாகப் பிரிந்திருக்கும். சோழர் வரலாற்றுக்குள் நுழைய உங்களைப் போன்றவர்களுக்கு அதுதான் ஏற்றது. ஆசிரியர் 1960ல் மறைந்தவர் என்பதால் பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் தேடிப் பாருங்கள்.

அதை முடித்த பிறகு சாஸ்திரியிடம் திரும்புங்கள், ஆனால் போர்களுக்கு அல்ல. ஊராட்சி, வரி, நிலம், வணிகம் பற்றிய பிற்பகுதி அத்தியாயங்களுக்குப் போங்கள். உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தவை. 30 குடும்புகளாக (வார்டுகளாக) பிரிந்த ஊரில், பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்லி வாரிய (ஊர் நிர்வாகக் குழு) உறுப்பினரைத் தேர்ந்தார்கள். வேட்பாளருக்கு வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு (வேலி என்பது அக்கால நில அளவு) மேல் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், 921ஆம் ஆண்டு விதிப்படி வயது 35க்கு மேல் 70க்குள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் நிற்க முடியாது. கணக்குப் பிரிவில் இருக்கும் உங்களுக்கு இந்த விதி நிச்சயம் பிடிக்கும். அது பிராமணர் ஊர்ச் சபையின் ஏற்பாடு, வேதக் கல்வியும் அதில் தகுதியாகக் கேட்கப்பட்டது, பெரும்பாலான உழைக்கும் மக்கள் அந்தக் குடத்துக்கு வெளியேதான் இருந்தார்கள் என்பதையும் மனத்தில் வைத்துப் படியுங்கள். மேடைப் பேச்சுகளில் இந்த இரண்டாம் பாதி விடுபட்டுப் போகிறது.

அடுத்து, பாதியில் நிற்கும் அறிவியல் நூல். அது எந்த நூல் என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் மொழிபெயர்ப்பு அறிவியல் நூல்கள் நின்றுபோவதற்கான காரணங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. ஆங்கில வாக்கியத்தின் நீளம் அப்படியே தமிழில் வந்திருக்கும், எழுவாய் முதல் வரியிலும் வினை ஐந்தாம் வரியிலும் இருக்கும். ஒரே கருத்துக்கு ஓர் அத்தியாயத்தில் ஒரு கலைச்சொல், அடுத்த அத்தியாயத்தில் வேறொன்று. எண்களும் தடுமாறும். ஒரு பில்லியன் என்பது நூறு கோடி. அதைப் பத்துக் கோடி என்று அச்சிட்ட பக்கங்களைப் பார்க்க முடிகிறது. இதில் வாசகரின் குறை எதுவும் இல்லை.

ஆகவே வாங்குமுன் ஐந்து நிமிடம் செலவிடுங்கள். முதலில் பதிப்பு விவரம் உள்ள பக்கம். மூலநூலின் பெயர், அது வெளியான ஆண்டு, மொழிபெயர்ப்பாளர் பெயர், சுருக்கமா முழுமையா என்ற குறிப்பு ஆகியவை அங்கே இருக்க வேண்டும். இவை எதுவுமே இல்லாத மொழிபெயர்ப்பை அங்கேயே வைத்துவிடுங்கள். பிறகு நூலின் கடைசிப் பக்கங்கள். அடிக்குறிப்பு, துணைநூற்பட்டியல், பெயரடைவு (எந்தப் பெயர் எந்தப் பக்கத்தில் என்ற அகரவரிசைப் பட்டியல்) மூன்றில் ஒன்றாவது உண்டா? வவுச்சர் இல்லாமல் எழுதிய செலவை உங்கள் அலுவலகத்தில் ஏற்றுக்கொள்வீர்களா? சான்று காட்டாத வரலாற்று நூலும் அப்படித்தான். கடைசியாக, முன்னுரையை விட்டுவிட்டு நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து மெல்ல வாய்விட்டுப் படியுங்கள். முன்னுரையை எல்லோரும் செப்பம் செய்வார்கள், 140ஆம் பக்கம்தான் உண்மையைச் சொல்லும். ஒரு பத்தியை மூன்று தடவை திரும்பிப் படிக்க வேண்டியிருந்தால் அந்த மொழிபெயர்ப்பு உங்களுக்கு வேண்டாம்.

அறிவியலில் 'மௌன வசந்தம்' படியுங்கள். ரேச்சல் கார்சன் 1962ல் எழுதியது, தமிழில் கிடைக்கிறது. முதல் அத்தியாயத்தில் பறவைச் சத்தமே இல்லாமல் போன ஓர் ஊர் வரும். அது கற்பனை ஊர் என்பதையும், அங்கே நடப்பதாகச் சொல்பவை வெவ்வேறு ஊர்களில் உண்மையில் நடந்தவை என்பதையும் ஆசிரியரே சொல்லிவிடுகிறார். வேதிப்பொருள்களின் பெயர்கள் அடுக்கி வரும் அத்தியாயம் சற்றுக் கடினம். அங்கே நிற்காமல் பறவைகள் அத்தியாயத்துக்குப் போங்கள். எல்ம் மரத்தின் நோயைத் தடுக்க டிடிடி என்ற பூச்சிக்கொல்லியைத் தெளிக்கிறார்கள். இலை உதிர்கிறது. இலையை மண்புழு தின்கிறது, மண்புழுவை ராபின் பறவை தின்கிறது, ராபின்கள் கொத்துக் கொத்தாகச் சாகின்றன. இந்தச் சங்கிலியை ஒரு தாளில் அம்புக்குறி போட்டு வரைந்து வைத்துக்கொண்டால், அதன்பிறகு எந்த அத்தியாயமும் கடினமாக இருக்காது. எல்லா இடத்திலும் நடப்பது இந்தச் சங்கிலிதான். அமெரிக்காவில் டிடிடியின் பயன்பாட்டுக்குத் தடை வந்தது 1972ல். கார்சன் 1964லேயே இறந்துவிட்டார்.

இதற்கு ஜோடியாக மசனோபு ஃபுகுவோக்காவின் 'ஒற்றை வைக்கோல் புரட்சி'. சிறிய நூல். உழாதே, உரமிடாதே, களையெடுக்காதே, வேதிப்பொருளைச் சார்ந்திராதே என்ற நான்கு கொள்கைகளும் புகழ்பெற்றவை. இதை வேளாண் கையேடாக எடுத்துக்கொண்டு அப்படியே வயலில் இறங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். ஜப்பானின் ஷிகோகு தீவில், ஆண்டு முழுவதும் மழை பரவிப் பெய்யும் இடத்தில், நெல்லும் குளிர்காலத் தானியமும் மாற்றி மாற்றி விதைத்தவர் அவர். கொங்கு நாட்டு மேட்டுநிலத்துக்கு அந்த விதைப்பு அட்டவணை பொருந்தாது. நிலத்தை எப்படிக் கவனிப்பது, தேவையில்லாத வேலையை எப்படி அடையாளம் காண்பது என்று கற்றுக்கொள்ளப் படியுங்கள்.

இயற்கைக்குத் தமிழிலேயே அருமையான எழுத்து இருக்கிறது. மா. கிருஷ்ணனின் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற கட்டுரைத் தொகுப்பை சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்திருக்கிறார். கட்டுரைகள் சிறியவை. இரவில் இரண்டு படிக்கலாம், எந்த வரிசையிலும் படிக்கலாம். தாம் நேரில் பார்த்ததை மட்டும் எழுதும் ஒழுக்கம் கிருஷ்ணனுக்கு உண்டு, மனிதக் குணங்களை விலங்கின்மேல் ஏற்றிப் பேச மாட்டார். பாஸ்கரனின் 'இன்னும் பிறக்காத தலைமுறைக்காக' நூலும் கட்டுரைகள்தான், காட்டுயிர்ப் பாதுகாப்பு பற்றியவை. இவற்றோடு ப. ஜெகநாதனும் ஆசையும் எழுதிய 'பறவைகள்: அறிமுகக் கையேடு' ஒன்று கையில் இருந்தால், படித்ததை மறுநாளே சரிபார்க்கலாம். கழுத்து சாம்பலாக இருப்பது வீட்டுக் காகம், முழுக் கறுப்பாகவும் அலகு தடித்தும் இருப்பது அண்டங்காக்கை. வாசலிலேயே தொடங்கலாம். குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மகளை அழைத்துக்கொண்டு, பக்கத்திலிருக்கும் வெள்ளோடு பறவைகள் சரணாலயத்துக்குக் கையேட்டோடு போய் வாருங்கள்.

தன்வரலாறு என்றால் உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. அதன் கனத்தைப் பார்த்துப் பலர் பின்வாங்குகிறார்கள். 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்தது என்பதால், 122 அத்தியாயங்களும் ஒரே உட்காரலில் முடிக்கும் அளவுதான். இரவுக்கு ஒன்று என்றால் நான்கு மாதம். முன்னோர் பற்றிய தொடக்க அத்தியாயங்கள் மெதுவாகப் போகும், அவற்றைப் புரட்டிவிட்டுப் போகலாம். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்கச் சேரும் பகுதியிலிருந்து புத்தகம் உங்களை விடாது. 1880ல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார், "சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா" என்ற பொருளில் கேட்ட ஒரு கேள்வி சாமிநாதையரின் வாழ்க்கையைத் திருப்புகிறது. ஏழு ஆண்டுகள் கழித்து, 1887ல், அந்த நூல் அச்சாகிறது. இடையில் ஏட்டுச்சுவடிக்கு அலைந்தது, பாடபேதம் (சுவடிக்குச் சுவடி சொற்கள் மாறும் இடங்கள்) பார்த்தது, உரையில் மேற்கோள் காட்டிய நூல் எதுவென்று தெரியாமல் தவித்தது எல்லாம் ஒரு பதிப்பாசிரியரின் வேலை என்ன என்பதை வேறெந்த நூலையும் விடத் தெளிவாகக் காட்டும். 1942ல் அவர் மறைந்ததால் கதை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியோடு நின்றுவிடுகிறது. மேலே என்ன நடந்தது என்று அறிய மாணவர் கி.வா. ஜகந்நாதனின் 'என் ஆசிரியப்பிரான்' உதவும்.

அதை முடித்த கையோடு கே.ஏ. குணசேகரனின் 'வடு' படியுங்கள். ஒரு வாரத்தில் முடியும் சிறிய தன்வரலாறு, 2005ல் வந்தது. இளையான்குடிப் பக்கத்துத் தலித் சிறுவன் ஒருவன் படித்து மேலே வந்த கதை. கல்விக்காக ஏங்கிய இரண்டு வாழ்க்கைகள். ஒருவருக்குத் திறந்த கதவுகளும் மற்றவருக்கு மூடிய கதவுகளும் எவை என்பதை அடுத்தடுத்துப் படிக்கும்போதுதான் காண முடியும். தனித்தனியாகப் படித்தால் இரண்டிலும் பாதி போய்விடும்.

பண்பாட்டு வரலாற்றில் தொ. பரமசிவனின் 'அறியப்படாத தமிழகம்', ஆ.இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை'. முன்னது உப்பு, எண்ணெய், பல்லாங்குழி போன்ற அன்றாடப் பொருள்களை எடுத்துக்கொண்டு இரண்டு மூன்று பக்கங்களில் ஒரு சமூகத்தைத் திறந்து காட்டும். சான்றுகளை விரித்து அடுக்குவது தொ.ப.வின் வழியல்ல. அவர் சொல்வதைத் தொடக்கப் புள்ளியாக எடுத்துக்கொண்டு மேலே தேட வேண்டும். பின்னது அதற்கு நேர்மாறு. காப்பி தமிழ்நாட்டு நடுத்தர வர்க்கத்தின் அடையாளமாக ஆன கதையைப் பழைய பத்திரிகை, விளம்பரம், கதை, நினைவுக் குறிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் குறிப்புக் காட்டி எழுதியிருக்கிறார். அடிக்குறிப்புகளையும் விடாமல் படியுங்கள், சுவையான செய்திகள் அங்கேயும் இருக்கும்.

பயணம் பிடிக்குமானால் ஏ.கே. செட்டியாரின் 'அண்ணல் அடிச்சுவட்டில்'. 1937ல் நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குப் போகும் கப்பலில் தோன்றிய எண்ணம், 1940ல் காந்தி பற்றிய ஆவணப்படமாக வெளிவந்த வரலாறு. பழைய படச்சுருள்களைத் தேடி நாடு நாடாகப் போனதை அவர் சிறிதும் அலட்டாமல் எழுதிக்கொண்டு போவார்.

பணம் பற்றிய நூலில் மட்டும் ஆண்டுதான் எல்லாம். பங்குச்சந்தைக்கு அறிமுகமாக சோம. வள்ளியப்பனின் 'அள்ள அள்ளப் பணம்' வரிசையில் முதல் நூல் போதும். பங்கு என்றால் என்ன, விலை ஏன் ஏறி இறங்குகிறது என்ற அடிப்படைகள் பழைய பதிப்பிலும் சரியாகவே இருக்கும். வரி விகிதம் அப்படியல்ல. பட்டியலிட்ட பங்குகளை ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்ற லாபத்துக்கு 2018 ஏப்ரலுக்கு முன் வரி இல்லை. பிறகு ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட லாபத்துக்கு 10 சதவீதம். 2024 ஜூலையிலிருந்து 1.25 லட்சத்துக்கு மேல் 12.5 சதவீதம். பழைய புத்தகக் கடையில் வாங்கிய பதிப்பை நம்பிக் கணக்குப் போட்டால் தவறு வரும். உணவு, மருத்துவ நூல்களுக்கும் இதே எச்சரிக்கை. அவற்றில் ஆசிரியரின் படிப்பையும் சேர்த்துப் பாருங்கள்.

இவை அனைத்தையும் ஒரே வருடத்தில் முடிக்க முடியாது. அரை மணி நேரத்தில் நாவல் 25 பக்கம் ஓடும், அபுனைவு 12 முதல் 15 பக்கம்தான். மாதம் இருபது இரவு என்றால் 250 பக்கத்தைச் சுற்றி. ஆகவே மாதம் ஒரு நூல் போதும். ஒரே நேரத்தில் இரண்டு நூல்களை வைத்துக்கொள்ளுங்கள்: கனமானது ஒன்று, கட்டுரைத் தொகுப்பு ஒன்று. களைத்து வரும் இரவில் இரண்டாவது. பெயரடைவு இல்லாத நூலில், பின் அட்டையின் உட்பக்கத்தில் பென்சிலால் நீங்களே ஒன்று எழுதிக்கொண்டு போங்கள்: 'ஏரி வாரியம் 112', 'காப்பிக் கிளப் 23' என்று. நூலகப் புத்தகமானால் தனித்தாளில். ஆறு மாதம் கழித்தும் வேண்டிய இடத்தை ஒரு நிமிடத்தில் எடுக்கலாம்.

எல்லாவற்றையும் விலைக்கு வாங்கவும் வேண்டாம். முதலில் மாவட்ட மைய நூலகத்தில் உறுப்பினராகுங்கள். துறைவாரியாக எண் கொடுக்கும் டியூவி முறையில் அடுக்கிய நூலகமானால் 598ல் பறவைகள், 641ல் உணவு, 920ல் வாழ்க்கை வரலாறு, 954.82ல் தமிழ்நாட்டு வரலாறு. தேடிய நூலுக்கு இடமும் வலமும் இருப்பதையும் எடுத்துப் பாருங்கள். எதைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லையோ, அதை ஆகஸ்டில் நடக்கும் ஈரோடு புத்தகத் திருவிழாவில் கழிவு விலையில் வாங்கிக்கொள்ளலாம். 'என் சரித்திரம்' பொதுவுடைமையான நூல், மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கும். ஆனால் இரவில் திரையில் நீண்ட நூலைப் படிப்பது கண்ணைக் களைப்பாக்கலாம்.

மகளோடு படிக்க டெட்சுகோ குரோயாநாகியின் 'டோட்டோ சான்: ஜன்னலில் ஒரு சிறுமி'. நேஷனல் புக் டிரஸ்ட் தமிழில் வெளியிட்டிருக்கிறது, விலையும் குறைவு. பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட ஒரு சிறுமி, பழைய ரயில் பெட்டிகளை வகுப்பறையாக்கிய டோமோயி பள்ளியில் சேர்கிறாள். அவள்தான் பின்னாளில் இதை எழுதியவர். நடந்தவை அனைத்தும் உண்மை என்பதை முதல் நாளே மகளிடம் சொல்லிவிடுங்கள், கேட்கும் விதமே மாறும். அத்தியாயங்கள் மிகச் சிறியவை, ஓர் இரவு நீங்கள் வாய்விட்டுப் படியுங்கள், மறு இரவு அவள் படிக்கட்டும். நண்பன் ஒருவன் இறக்கும் அத்தியாயமும், போர் விமானங்களின் குண்டுவீச்சில் பள்ளி எரியும் அத்தியாயமும் உண்டு. அந்த இரண்டையும் நீங்கள் முன்கூட்டியே படித்து வைத்திருங்கள். முடித்ததும் பின்னுரையை விட்டுவிடாதீர்கள். அந்த வகுப்பில் படித்த குழந்தைகள் வளர்ந்து என்னவானார்கள் என்று அதில் ஆசிரியர் ஒவ்வொருவராகச் சொல்கிறார். உங்கள் மகள் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.